உச்சிவெயிலில் விளைவது

டிசம்பர், ஜனவரியில் கேமராவோடு குஜராத்தின் உப்புப் பாலையான ரண் பக்கம் கிளம்புகிறவர்களின் பயணத் திட்டம் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கிறது. அகமதாபாத்தில் கார் எடுத்து, விரம்காம் வழியாகச் சுமார் 100 கி.மீ. போய் தசாடாவில் ஓர் இரவு. விடியற்காலை ஜீப்பில் சின்ன ரண்ணுக்குள் காட்டுக்கழுதை. அடுத்து புஜ். பௌர்ணமியை ஒட்டித் தோர்டோவின் வெள்ளைப் பாலை. பிறகு காவ்டாவிலிருந்து தோலாவீரா வரை, இரண்டு பக்கமும் வெள்ளையோ தண்ணீரோ விரிந்து கிடக்கும் சாலை. சூரியன் காலை 7.15-க்கு எழுகிறது, மாலை 6 மணியை ஒட்டி விழுகிறது என்பதெல்லாம் திட்டத்தில் துல்லியமாக இருக்கும். காலை 11-லிருந்து மாலை 3.30 வரை உள்ள கட்டத்தில் மட்டும் 'சாப்பாடு, ஓய்வு, பயணம்' என்று எழுதியிருக்கும். அந்த நேரத்து வெளிச்சம் படத்துக்கு ஆகாது என்பது புகைப்படக்காரர்களிடையே சட்டம் மாதிரி. நான் பேச வந்தது அந்தக் கட்டத்தைப் பற்றித்தான். சின்ன ரண்ணின் உப்பு பெரும்பாலும் அந்த நான்கரை மணி நேரத்தில்தான் விளைகிறது. அதைக் கழித்துவிட்டுப் போடும் திட்டம் பாலைவனத்தைப் பார்க்கும். அங்கே நடக்கிற வேலையைப் பார்க்காது.

இரண்டு வெள்ளைகளையும் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. தோர்டோவில் நாம் பார்ப்பது மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் தேங்கி வற்றிய பிறகு தரையில் தானாகப் படிந்த ஏடு. அதை யாரும் விளைவிப்பதில்லை. சுமார் 5,000 சதுர கி.மீ. பரந்த சின்ன ரண்ணின் உப்பு அப்படியல்ல. மழைக்காலத்தில் அங்கும் பனாஸ், ரூபேன் போன்ற ஆறுகளின் நீரும் கட்ச் வளைகுடாவின் நீரும் சேர்ந்து நிற்கும். அது வடிந்ததும் அக்டோபரில் அகரியாக்கள் குடும்பத்தோடு உள்ளே போகிறார்கள். 'அகர்' என்றால் உப்பளம். அளத்தார் என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். கிணறு தோண்டி, கடல்நீரைவிடப் பல மடங்கு கரிக்கும் நிலத்தடி நீரை இறைத்து, பாத்தி பாத்தியாகக் காயவைக்கிறார்கள். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் 3 டிகிரி சொச்சம். உப்பு படியத் தொடங்குவது 25 டிகிரியை ஒட்டி. இடையிலுள்ள தூரத்தைக் கடப்பது வெயிலும் காற்றும். நாட்டின் உப்பில் முக்கால் பங்கு குஜராத்தில் விளைகிறது. அதில் கரையோர உப்பு போக, கல்கண்டு போலப் பெரிய பரலாக வருவது இந்த ரண்ணின் கிணற்று உப்பு. தூத்துக்குடியில் வடகிழக்குப் பருவமழை உப்பளங்களை மூடிவைக்கும் மாதங்களில்தான் இங்கே பாத்தி மிதிபடுகிறது.

மிதிபடுகிறது என்பதைச் சொல்லின் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். புதுப் பாத்தியின் தரை சேறு. அப்படியே விட்டால் இறைத்த நீரெல்லாம் கீழே இறங்கிவிடும். ஆகவே அடி மேல் அடியாக, வரிசை பிசகாமல், பக்கத்துச் சுவட்டைத் தொட்டபடி அடுத்த சுவடு விழும்படி, முழுப் பாத்தியையும் வெறுங்காலால் மிதித்து இறுக்குகிறார்கள். ஒரு நாள் இரண்டு நாளில் முடிகிற வேலையல்ல. பரல் கட்டத் தொடங்கியபின் பல் வைத்த நீண்ட மரச்சீப்பை இழுத்துக்கொண்டு பாத்திக்குள் நடப்பார்கள். படிந்த உப்பு ஒரே பாளமாக இறுகிவிடாமல் பரல் பரலாகப் பிரிந்து வளர்வது இந்தக் கிளறலால்தான். எந்தப் பாத்தியிலிருந்து எந்தப் பாத்திக்கு எப்போது மடை திறப்பது, எவ்வளவு நீர் நிறுத்துவது என்பதெல்லாம் கண்ணும் காலும் சொல்லும் கணக்கு. குளிர்காலத்தில் போகிறவருக்குக் காணக் கிடைப்பது இதுதான். இதில் எதுவும் 'உப்பு' மாதிரித் தெரியாது. சாம்பல் நிற நீரும் சேறும் வரப்பும்தான் தெரியும். முன்பு இறைப்புக்கு டீசல் இன்ஜின் மட்டுமே இருந்தது. வருமானத்தில் பெரும்பங்கை அது குடித்தது. இப்போது பல பாத்திகளில் மானியத்தில் வந்த சூரிய மின்பலகைகள் நிற்கின்றன. டீசலை இரவுக்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். புகைப்படக்காரர் வேண்டாமென்று ஒதுக்கும் உச்சிவெயில்தான் இன்று பம்பையும் ஓட்டுகிறது, பாத்தியையும் வற்றவைக்கிறது. அவர் விடுதியில் திரைச்சீலையை இழுத்து மூடும் நேரத்தில் குழாயிலிருந்து நீர் முழுவேகத்தில் விழுந்துகொண்டிருக்கும்.

புகைப்படம் வெளிச்சத்தின் கலை, தொழில் ஆவணம் அல்ல. நல்ல வெளிச்சம் இல்லாத நேரத்தில் எதற்குக் கேமராவைத் தூக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பனிக்காலத்துச் சாய்வெயில் பாத்தியின் ஒவ்வொரு கால்சுவட்டையும் நிழலோடு எடுத்துக் கொடுக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தை வைத்து என்ன எடுக்கிறார்கள் என்று பார்த்தால், பத்தில் எட்டுப் படம் அடிவானத்துக்கு எதிரே நிற்கும் கருநிழல் உருவம். இதற்கு அழகுணர்வு மட்டும் காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பலாகவே கணிக்கும். வெள்ளைத் தரையைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கிவிட்டு, நடுவில் நிற்கும் மனிதரைக் கரியாக்கிவிடும். ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைத்தால் தரை வெளுக்கும், முகமும் தெரியும். அதைச் செய்ய மனம் வருவதில்லை, ஏனென்றால் அப்போது வானத்தின் செம்மை போய்விடும். வானமா முகமா என்ற தேர்வில் வானம் ஜெயிக்கிறது. ஒரு படத்தில் இது ரசனை. ஆயிரம் படங்களில் இதுவே நடந்தால், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு முகமே இல்லாமல் போகிறது. உச்சிவெயிலில் தரையே பெரிய பிரதிபலிப்பான் என்பதும் மறக்கப்படுகிறது. தலைக்கு மேலிருந்து விழும் நிழலை உப்புத் தரை கீழிருந்து நிரப்பும். முகம் எடுக்க அது மோசமான வெளிச்சமே அல்ல.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. தொழிலைத்தான் காட்ட வேண்டுமென்றால் உப்பு வாரும் மார்ச், ஏப்ரலில் அல்லவா போக வேண்டும், குளிர்காலப் பயணமே தப்பு என்று சொல்லிவிடலாமே. வெள்ளை அம்பாரம் வேண்டுமென்றால் அப்போதுதான் போக வேண்டும். லாரிகள் உள்ளே வருவதும், ரண்ணின் விளிம்பிலுள்ள காராகோடாவுக்கு உப்பு போய்க் குவிவதும் அப்போதுதான். ஆனால் அம்பாரம் என்பது முடிவு. கைத்திறன் இருப்பது முன்னால், குளிர்கால மாதங்களில். நெல்லைக் களத்துமேட்டில் மட்டும் படமெடுத்தவர் உழவைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. சிக்கல் குளிர்காலத்தில் இல்லை, குளிர்காலத்தில் போய் அறுவடைப் படத்தைத் தேடுவதில் இருக்கிறது. போன பருவத்தில் மிஞ்சிய உப்பில் ஒரு கூடையை நிரப்பித் தலையில் வைக்கச் சொல்லி, இப்படித் திரும்புங்கள், அப்படி நில்லுங்கள் என்று அமைக்கிற படம் அந்தத் தேடலில்தான் பிறக்கிறது. பொய் என்று சொல்வது கடுமையாக இருக்கலாம். காலம் பிசகிய படம் என்றாவது சொல்ல வேண்டும்.

இதே கூட்டத்தில் சேர்ந்ததுதான் பாதப் படமும். உப்பில் ஊறிய கால் சிதையிலும் வேகாது என்ற பேச்சு ரண்ணைப் பற்றிய எழுத்தில் தவறாமல் வருகிறது. அதற்குத் துணையாக வெடித்த பாதத்தின் நெருக்கக் காட்சி ஒன்று. அந்தக் கால்கள் படும் துன்பம் உண்மை. ஆனால் பாதத்தை அதிசயப் பொருளாக்கும்போது, அது சில வாரங்களாகச் சேற்றில் அளந்து அளந்து செய்துகொண்டிருந்த காரியம் காணாமல் போகிறது. அகரியாக்களின் கஷ்டத்துக்குச் சுட்ட வேண்டிய இடம் வேறு. அக்டோபரில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி உள்ளே போகிறார்கள். வசந்தத்தில் அதே வியாபாரியிடம் உப்பைக் கிலோ பைசாக் கணக்கில் கொடுத்துக் கழிக்கிறார்கள். பருவம் தப்பிய ஒரு மழை போதும், கட்டிய பரல் கரைந்துவிடும். நிலமும் அவர்கள் பெயரில் இல்லை. சின்ன ரண் சுதந்திரத்துக்குப் பின் முறையாக அளக்கப்படாத நிலம். வருவாய்த் துறை வழக்கில் அதற்குச் சர்வே எண் பூஜ்யம். 1973-இல் அது காட்டுக்கழுதைச் சரணாலயமும் ஆயிற்று. தலைமுறை தலைமுறையாக உப்பெடுத்தவர்கள் உள்ளே போக உரிமை உண்டா என்பது அதிலிருந்து ஓயாத வழக்கு. பயணக் குறிப்புகள் 'ஆளில்லாத வெளி' என்று வர்ணிக்கும்போது, அந்தப் பூஜ்யத்தைத்தான் அழகான சொல்லில் எழுதுகின்றன.

சுற்றுலாவால் அவர்களுக்கும் நாலு காசு வரும் என்பார்கள். விடுதிக்கும் ஜீப்புக்கும் வருகிறது, உண்மைதான். அவை ரண்ணின் விளிம்பில் இருக்கின்றன. பாத்திக்கு வருவது பெரும்பாலும் அரைமணி நேரப் பார்வையாளர்களும் ஒரு சுற்றுத் தேநீரும்தான். அந்தத் தேநீரின் தண்ணீரும் டேங்கரில் வந்தது. அங்கே மற்ற நீரெல்லாம் உப்பு.

ஆகவே என் திட்டம் இப்படிப் போகும். மூன்று ரண் காட்சிகளில் இரண்டைக் கழித்துவிட்டு, டிசம்பரில் சின்ன ரண்ணின் ஒரே பாத்திக்கு இரண்டு முழுப்பகல். உள்ளூர் ஓட்டுநர் கட்டாயம். மேலே காய்ந்து தெரியும் தரைக்கு அடியில் சேறு இருக்கும், சொந்தக் காரில் தடம் விட்டு இறங்கினால் அச்சு வரை புதையும். குடிநீரும் சாப்பாடும் கொண்டுபோவது, முடிந்தால் அவர்களுக்கும் சேர்த்து. லென்ஸ் மாற்றுவது கண்ணாடி ஏற்றிய காருக்குள். அதே பாத்திக்கு மார்ச்சில் இன்னொரு முறை, டிசம்பரில் எடுத்தவற்றின் அச்சுப் பிரதிகளோடு. இவ்வளவு நாள் யாருக்கு இருக்கிறது என்று கேட்பதற்கு முன், 2013-இல் வந்த ஃபரீதா பாச்சாவின் 'மை நேம் இஸ் சால்ட்' ஆவணப்படத்தை நினைத்துக்கொள்ளலாம். ஒரே குடும்பத்தோடு ஒரு பருவம் முழுக்க ஓடும் படம் அது. பேச்சு குறைவு, வேலைதான் கதை. வாரக்கடைசியில் போகிறவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் 11 மணிக்கு ஜீப்பைத் திருப்பாமல் இருக்கலாம். மின்பலகையின் நிழல் சுருங்கிக் காலடிக்கு வந்து, குழாய் நீர் பாத்திக்குள் பரவி, மரச்சீப்போடு ஒருவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பும் வரை அங்கேயே நிற்கலாம்.