தங்கவயலில் தோண்டாத மண்

பங்காரப்பேட்டையில் கோலார் தங்கவயலுக்குப் பிரியும் கிளைப்பாதையில் ரயில் திரும்பியதும் பெட்டிக்குள் தமிழ்ப் பேச்சு கூடிவிடுகிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று நிலையங்கள். உரிகத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து ராபர்ட்சன்பேட்டை கடைவீதிக்குப் போய்ச் சேர்ந்தேன். வெள்ளைக்காரர்களுக்கு முன்பே இங்கே பொன் தோண்டியவர்களின் சுவடு எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

1802இல் இந்தப் பக்கம் வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, மாரிக்குப்பத்து மக்கள் குழிகளில் இறங்கிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். எண்பது ஆண்டுகள் கழித்து, கையிருப்புக் கரைந்து மூடுகிற நிலைக்கு வந்துவிட்ட மைசூர் சுரங்கக் கம்பெனி, அந்தப் பழைய குழிகளுக்கும் கீழே இறங்கிப் பார்த்தபோதுதான் சாம்பியன் தங்கப்படிவைத் தொட்டது. வழிகாட்டியவர்கள் பெயர் தெரியாத முன்னோர்கள். பாறையைத் தீமூட்டிப் பிளந்து, மரத்தால் முட்டுக்கொடுத்து, 150 அடிக்கும் கீழே போயிருக்கிறார்கள். அங்கே கிடைத்த மரத்துண்டுகளின் கரிமக் கணிப்பு ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டுகிறது.

நினைக்க நினைக்க ஆறவில்லை. முன்னோரின் குழிகள் பலவும் புதிய சுரங்கத்துக்குள்ளேயே கரைந்துபோயின. ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரிடம் கேட்டேன். "பழைய குழின்னா மேஸ்திரி கிட்டவே விடமாட்டாரு தம்பி. தண்ணி கட்டி நிக்கும், எப்ப சரியும்னு சொல்ல முடியாது" என்றார்.

பழைய மண்ணைத் தோண்டிப் பார்த்த ஓர் இடத்தையும் காண, மறுநாள் குப்பம் வழியாகக் கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கினேன். பர்கூர் வட்டத்தில் மயிலாடும்பாறை. குண்டுப்பாறைகள், பாறை ஓவியங்கள், ஈமக்கல் வட்டங்கள். 2021இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே மக்கள் வாழ்ந்த மேட்டையே அகழ்ந்தது. 104 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி கி.மு. 1615 என்றது, 130 சென்டிமீட்டரில் எடுத்தது கி.மு. 2172 என்றது. தமிழகத்தின் இரும்புக் காலத்தையே அது பின்னுக்குத் தள்ளியது. அந்த மேட்டில் நின்றபோது தங்கவயல்தான் மனத்தில் ஓடியது. அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கினோம். இங்கே மார்பளவு மண்ணுக்குள் நாலாயிரம் ஆண்டு கிடந்திருக்கிறது.

தங்கவயலில் குழி தோண்டியவர்களும் எங்கோ அடுப்பு மூட்டியிருப்பார்கள், கருவி தீட்டியிருப்பார்கள், செத்தவர்களைப் புதைத்திருப்பார்கள். சுரங்கம் அழிந்தாலும் ஊர் அழிந்திருக்க வேண்டியதில்லை. ஏரிக்கரையோரம், மேட்டுநிலத்தில் தேடலாம்.

2001 பிப்ரவரி 28இல் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. இப்போது சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளில் மிஞ்சிய பொன்னை எடுக்கும் திட்டம் வந்திருக்கிறது. 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல். கர்நாடக அமைச்சரவை 2024இல் ஒப்புதல் தந்துவிட்டது. பிழைப்பில்லாமல் தினமும் பெங்களூருக்கு ரயிலேறும் ஊருக்கு அந்த வேலை வரட்டும், மனதார விரும்புகிறேன். ஆனால் லாரிகள் வருமுன் தொல்லியல் துறையின் ஒரு குழு மாரிக்குப்பத்திலிருந்து உரிகம் வரை நடந்து, தரையில் கிடக்கும் பானை ஓடுகளையும் கசடுகளையும் பொறுக்கிப் பதிவுசெய்ய வேண்டும். ஏதாவது தென்படும் இடத்தில் நாலு அகழ்குழியாவது போட வேண்டும்.