அப்பாவின் மாருதி 800... ஆறு டியூபும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்!

"அப்பா காரை வித்துட்டாருடி. செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துட்டுப் போறாங்களாம்." போனில் அம்மா சொன்னபோது, பழைய இரும்புக்கடைக்காரர் 2,000 ரூபாய் அட்வான்ஸே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மொத்த விலை 18,000.

1998-ம் வருட மாருதி 800. என்னைவிட ஒரு வயது மூத்தது. பிறந்த என்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததே அந்தக் கார்தான். 2023-ல் மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம் என்றதும் வீட்டில் எல்லோரும் "வேண்டாம்" என்றோம். அப்பா சத்தமில்லாமல் போய்க் கட்டிவிட்டு வந்தார். அவரே இப்போது விற்கிறார் என்றால் நம்ப முடியவில்லை.

காரணம், பரனூர் டோல்கேட். அம்மாவும் அவரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, டோல் வரிசையில் நான்கு முறை வண்டி ஆஃப் ஆகியிருக்கிறது. பின்னால் ஹாரன் சத்தம். யாரோ இறங்கிவந்து, "பெரியவரே, ஓட்டத் தெரியலைன்னா வீட்ல இருக்கலாம்ல" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு 63 வயது. அன்றைக்குச் சாவியை ஆணியில் மாட்டியவர், பிறகு எடுக்கவே இல்லை.

மெக்கானிக்கைக் கேட்டேன். "கார்புரேட்டர் போச்சு. மாத்தினாலும் கியாரன்டி இல்லைம்மா" என்றார். ஐடிலிங் ஏறி இறங்குகிறது, சிக்னலில் ஆஃப் ஆகிறது, பிரேக்கும் கட்டையாக இருக்கிறது என்பதுதான் அப்பாவின் புகார். மூன்றையும் சேர்த்து இரவெல்லாம் படித்தேன். எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றன: வேக்குவம் ஹோஸ்.

இன்ஜின் என்பது ஒருவகையில் காற்றை உறிஞ்சும் பம்பு. ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது கார்புரேட்டரின் வாய் ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால், இன்டேக் மேனிஃபோல்டில் காற்றழுத்தம் குறையும். அந்த இழுவிசையைத்தான் ரப்பர் டியூப்கள் வழியாக மற்ற வேலைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மெல்லிய டியூப் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போய், தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும். தடிமனான டியூப் பிரேக் பூஸ்டருக்குப் போய், நம் காலுக்கு பலம் சேர்க்கும்.

பல வருட சூட்டில் ரப்பர் காய்ந்து வெடித்தால், கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்துவிடும். 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அதைவிடக் காற்று கூடினால், குறைந்த வேகத்தில் இன்ஜின் திணறி நின்றுவிடும்.

சனிக்கிழமை ஜி.பி. ரோட்டில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். மீன்தொட்டி டியூப் போலத் தெரிவதை எல்லாம் வாங்கக் கூடாது. பெட்ரோல் ஆவிக்கும் சூட்டுக்கும் தாங்குகிற ரப்பர்தான் வேண்டும். மெல்லியது இரண்டு மீட்டர், பிரேக் பூஸ்டருக்குத் தனி ஹோஸ், கிளாம்ப்கள் என மொத்தம் 650 ரூபாய். இரவே செங்கல்பட்டுக்கு வந்துவிட்டேன்.

"18,000 ரூபா வண்டிக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்றார் அப்பா. ஆனால், ஞாயிறு காலை நான் போனட்டைத் திறந்ததும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். புது டியூபில் ஒரு முழம் வெட்டச் சொன்னார். வண்டியை ஸ்டார்ட் செய்யவைத்து, ஒரு முனையைத் தன் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு ஹோஸாகக் காட்டச் சொன்னார். "ஃபேன் பக்கம் கையை விடாதே. நின்னுக்கிட்டு இருக்கும், திடீர்னு சுத்தும்." இரண்டு இடங்களில் கையை உயர்த்தினார். டிஸ்ட்ரிபியூட்டர் டியூபின் முனை, பூஸ்டர் ஹோஸின் அடிப்பக்கம். வளைத்துப் பார்த்தால்தான் தெரிகிற வெடிப்பு!

இன்ஜின் ஆறியதும் வேலையைத் தொடங்கினோம். "ஒண்ணைக் கழட்டு, ஒண்ணை மாட்டு" என்றார். நான் அவசரத்தில் இரண்டைக் கழற்றி, இடம் மாற்றி மாட்டிவிட்டேன். ஸ்டார்ட் செய்தால் வண்டி முன்பைவிட மோசமாக நடுங்கியது. செல்போனில் போட்டோ எடுத்துதான் வைத்திருந்தேன். ஆனால், அந்த இரண்டு முனைகளையும் ஏர் ஃபில்டர் பெட்டி மறைத்திருந்தது. அப்பா சிரித்துவிட்டார். நீண்ட நாளைக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

காய்ந்த ஹோஸை இழுத்தால் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூக்கு உடைந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் கீற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் டியூபை மாட்டியதும், மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் மூடச் சொன்னார். நாக்கு ஒட்டிக்கொண்டது. "உள்ளே டயாஃப்ரம் நல்லா இருக்கு" என்றார். ஒரு கிளாம்பை மாட்ட அவரே எழுந்து வந்தார். மூன்று முறை கைதவறிக் கீழே விழுந்தது. "சுகரு. விரல் நுனியில ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

மதியத்துக்குள் ஆறு டியூபும் முடிந்தன. மெக்கானிக் சமாளிப்பதற்காகக் கூட்டிவைத்திருந்த ஐடில் ஸ்க்ரூவை மெதுவாகக் குறைத்தேன். வண்டி நிற்கவில்லை. தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஓடியது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கடைசியாக பூஸ்டர் சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை அமுக்க வேண்டும். பெடல் கட்டையாகிவிடும். அதன்மேல் காலை வைத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தால், பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். அப்பா உட்கார்ந்து செய்தார்.

"இறங்குச்சாப்பா?"

"தெரியலையே."

மறுபடி செய்தார். "தெரியலைம்மா. நீ உட்காரு."

நான் உட்கார்ந்து செய்தேன். இன்ஜின் உயிர்பெற்றதும், பெடல் என் காலுக்கடியில் பளிச்சென்று இறங்கியது. ஹோஸில் கோளாறு இல்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசமாவே இப்படித்தான். கிளட்ச் எங்க பிடிக்குதுன்னே தெரிய மாட்டேங்குது. வண்டி மேல பழியைப் போட்டுட்டேன்" என்றார். டோல்கேட்டில் வண்டியை நிறுத்தியது ஹோஸா, காலா? இரண்டுமாகவும் இருக்கலாம்.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் பல இடங்களில் தொட்டார். பாதி இடங்களில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சர்க்கரையால் நரம்பு பாதித்திருக்கிறது, இப்போதைக்கு வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். வருடத்துக்கு ஒருமுறையாவது செய்யவேண்டிய சின்னப் பரிசோதனை அது. நாங்கள் ஒருமுறைகூடச் செய்ததில்லை. உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் இருந்தால், கேட்டுச் செய்துவிடுங்கள்.

1983 டிசம்பர் 14-ல் முதல் மாருதி 800-ன் சாவியை டெல்லியில் ஹர்பால் சிங்கிடம் கொடுத்தவர் இந்திரா காந்தி. கடைசி வண்டி 2014 ஜனவரியில் வெளிவந்தது. இனி புதிதாக ஒன்று வரப்போவதில்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அப்பா, ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்டுகிறேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அப்பா இடதுபக்க சீட்டில். கண்ணாடியை இறக்கிவிட்டு, இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருகிறார்.

"மூணாவது போடு. வண்டி கேக்குது பாரு" என்கிறார். போடுகிறேன்.