வடக்குக் கரையோரம் – 6: முகத்துவாரத்தில் அடோபோ

திருவொற்றியூரில் ஏறிய ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தில் மாமல்லபுரமே போய்வந்திருக்கலாம். வழிநெடுக கன்டெய்னர் லாரி, புழுதி. அதை எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் முகத்துவாரக்குப்பம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து படகையும் வலையையும் நாசமாக்கிய கரை. இப்போதும் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டியிருக்கிறது. குப்பத்து ஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது என்பவர்கள், ஊர்க் கழிவெல்லாம் ஆற்றோடு எங்கே வந்து சேருகிறது என்று ஒருநாள் வந்து பார்க்கட்டும்.

"இன்னா சார், யாரைத் தேடுற? குந்து" என்றார் வலை பின்னிக்கொண்டிருந்தவர். சரக்குக் கப்பலில் சமையற்கட்டு உதவியாளாக இருந்தவராம். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். சாப்பிடாமல் போகக்கூடாதென்று அவர்கள் ஊர்க் கோழி அடோபோ வைத்தார். பூண்டை நசுக்கிப் போட்டு, சோயா சாஸ், மிளகு, பிரிஞ்சி இலை, மேலே வினிகர். மிளகாய்த்தூள் மருந்துக்கும் இல்லை. நான் கரண்டியை எடுத்ததும் தடுத்தார்: "வினிகர் ஊத்தினதும் கிண்டாத சார், பச்சை வாடை நிக்கும்."

"கப்பல்ல என்னைப் பார்த்து, நீ கயின்டாக்காரனான்னு கேலி பண்ணுவானுங்க" என்றார்.

கேலிக்குக் காரணம் இருக்கிறது. 1762-ல் டிரேப்பர், கார்னிஷ் தலைமையில் சென்னையிலிருந்து கப்பலேறிய பிரிட்டிஷ் படை அக்டோபர் 6-ல் மணிலாவைப் பிடித்தது. 1764-ல் படை திரும்பியபோது சென்னைச் சிப்பாய்களில் சிலர் வரவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கயின்டாவில் பெண் கட்டித் தங்கிவிட்டார்கள். அவர்கள் வம்சம் இன்று பிலிப்பைன்ஸ் ஜனம். சென்னையில் அவர்களைத் தேடுவாரில்லை.

அந்த நாட்டின் பெயரே ஸ்பெயின் ராஜா இரண்டாம் ஃபிலிப்பின் பெயர்தான். 2019-ல் அதிபர் துதெர்தே 'மகர்லிகா' என்று மாற்றலாம் என்றார், மாறவில்லை. இதைச் சொன்னதும் வலைக்காரர் சிரித்தார்: "பேர்ல இன்னா சார் இருக்குது? மெஸ்ல தீவுக்கு ஒரு பாஷை பேசுவானுங்க. கேப்டன் ஒருத்தனைத் திட்டினா அத்தினி பேரும் ஒண்ணாயிடுவானுங்க."

ஒன்றாவது எனக்கு அவ்வளவு சுலபமாகப் படவில்லை. இந்தக் குப்பம் இருக்கும் கத்திவாக்கம் 2011-லேயே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தாயிற்று. ஆனாலும் அவர் மனைவி, "மெட்ராசுக்கு எப்போண்ணே திரும்புறீங்க?" என்றுதான் கேட்டார். கணவர் சமைக்கும் நாளில் தனக்கென்று தனியாக மடவை மீன் குழம்பு வைத்துக்கொள்வாராம்.

அதிலும் ஒரு கரண்டி கேட்டு வாங்கினேன். உண்மையைச் சொன்னால், அதுதான் நன்றாக இருந்தது.