குழலுக்குள் தெரியும் வளையம்

போளூரிலிருந்து ஏறிய பேருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஜமுனாமரத்தூர் வந்தபோது மணி பத்து. அங்கிருந்து ஒரு மணி நேர நடை. சாமை அறுத்த காடுகள், பலா மரங்கள், ஓர் ஓடை. அதைத் தாண்டினால் தகரக்கூரை போட்ட கொல்லுப்பட்டறை. ஆசாரிக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். சிறுவயதில் அப்பாவோடு சமவெளியிலிருந்து மலையேறியவர். இப்போது அரிவாள், மண்வெட்டி, களைக்கொத்துதான் பிழைப்பு. நான் தேடிப் போனது அவர் விட்டுவிட்ட வேலையைப் பற்றிக் கேட்க. உரிமம் வைத்திருந்தவர்களின் நாட்டுத் துப்பாக்கிகளைச் சோதித்துப் பழுது பார்த்தவர் அவர்.

இந்த ஜவ்வாது மலையில் காட்டுப்பன்றி ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் சாமையைத் தின்று தீர்த்துவிடும். துப்பாக்கி இங்கே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். அப்படி வைத்திருப்பவர்களைத் தாங்களாகவே ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை ஊர்ஊராகப் பேசி வருகிறது. சரியானதுதான். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் குழலைப் பிடித்திருக்கும் கையை நினைத்தும் சொல்கிறேன்.

ஆசாரி கூரை இடுக்கிலிருந்து ஒரு சாண் நீளமுள்ள இரும்புத் துண்டை எடுத்து என் மடியில் வைத்தார். வெடித்த குழலின் மிச்சம். ஓரிடத்தில் பாம்பு எலியை விழுங்கியதுபோல் புடைத்து, அங்கிருந்து நீளவாக்கில் கிழிந்திருந்தது. கிழிசலின் விளிம்பு பனங்கருக்குப் போலக் கூர்மை.

"இத்தப் பாரு தம்பி. மருந்து அதிகமில்ல. குண்டு அடியில போய் உக்காரல. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல நாலு விரக்கடை சந்து."

வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கியில் குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்கார வேண்டும். பாதி வழியில் சிக்கிய குண்டு, குழலை அடைத்த கல்லைப் போன்றது. பின்னாலிருந்து பாய்ந்து வரும் வாயு அதில் மோதும் இடத்தில் குழல் புடைக்கும், கிழியவும் செய்யும். பால்ரஸ் எனும் இரும்புக் குண்டுகளை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் எடை கூடும். எடை கூடினால் நகரத் தாமதமாகும். தாமதமாகும் ஒவ்வொரு நொடித்துளியிலும் அழுத்தம் ஏறும். அதனால்தான் கெட்டிக்கும் கம்பியில் ஒரு கோடு கீறி வைப்பார்கள். கோடு குழலின் வாயோடு நிற்காமல் மேலே தெரிந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று பொருள்.

குழலைச் சோதித்த விதத்தை ஒரு வெற்றுக் குழாயை வைத்துச் செய்து காட்டினார். முதலில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து குழாயைக் கவ்வியபடி நுனிவரை மெதுவாக நகர்ந்தன. கண்ணுக்குத் தெரியாத புடைப்பு விரலுக்குத் தெரியும். பிறகு குழாயை வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார். நல்ல குழலில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஓடும். புடைத்த குழலில் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு வளையம் நிற்கும். கடைசியாகக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டினார். சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே காதுதான். மருந்துக்குத் தீப்பொறி தரும் கேப்பை மாட்டும் குமிழைச் சுற்றிப் புகைக்கறை படிந்திருப்பதும், சுட்டவுடன், கேப்பை அடிக்கும் குதிரை தானாகப் பின்னுக்கு எகிறுவதும் வாயு தப்பான வழியில் வெளியேறுகிறது என்பதற்கான அடையாளங்கள்.

அப்போதுதான் கைபேசியை எடுத்தேன். டெக்சாஸில் இருக்கும் மச்சான், வீட்டு கேரேஜில் தன் கைத்துப்பாக்கிக்குத் தானே தோட்டா நிரப்புகிறார். அங்கே அதற்குத் தடையில்லை. 1990இல் வந்த .40 ரகம், 180 கிரெய்ன், அதாவது பன்னிரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவான கனத்த குண்டு. அந்த ரகத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. கார் டயருக்கு நாம் அடிப்பது முப்பது சொச்சம். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் படமெடுத்து அவர் எனக்கு அனுப்பியிருந்தார். ஒன்றில் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பிறைபோல ஒரு மடிப்பு. அங்கே அதைச் 'சிரிப்பு' என்கிறார்களாம். குழலின் சுவர் தாங்காத இடத்தில் பித்தளை பிதுங்கியதன் தடம் அது.

ஆசாரி படத்தைப் பெரிதாக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். "இதுல குண்டு இன்னும் உள்ள போயிருக்குமா?" என்று கேட்டார். அசந்துபோனேன். நாட்டுத் துப்பாக்கியில் குண்டு இறங்காமல் போனால் ஆபத்து. தோட்டாவில் குண்டு கூடுதலாக இறங்கினால் ஆபத்து. கூட்டுக்குள் இருக்கும் கொஞ்ச இடத்தைக் கனத்த குண்டு ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது. துப்பாக்கிக்குள் ஏறும்போது முட்டி, அது இன்னும் சிறிது உள்ளே போனாலும் அழுத்தம் சட்டென்று எகிறும்.

மச்சான் நம்பியிருந்தது தோட்டாவின் அடியில் இருக்கும் கேப்பை. அதன் முகம் தட்டையாகவில்லை, அதனால் பயமில்லை என்று எழுதியிருந்தார். தவறு அங்கேதான். கேப்பின் உலோகம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கடினம். கைத்துப்பாக்கித் தோட்டாவில் அது தட்டையாகும் முன்பே அழுத்தம் எல்லையைத் தாண்டியிருக்கலாம். அடையாளம் இருந்தால் அது எச்சரிக்கை; இல்லையென்றால் எதுவும் உறுதியில்லை. கூட்டைப் பார்த்து யாரும் அழுத்தத்தை அளந்துவிட முடியாது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டிலேயே சிறு செப்புத் துண்டு எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து அழுத்தத்தை அளந்தார்கள். இன்று அந்த வேலையை மின்னுணர்விகள் செய்கின்றன. வீட்டில் நிரப்புகிறவரிடம் அந்தக் கருவி பெரும்பாலும் இருக்காது. கையேட்டில் உள்ள குறைந்த அளவில் தொடங்குவதும், ஒவ்வொரு தோட்டாவின் நீளத்தையும் அளப்பதும்தான் அவருக்குக் காவல்.

"பித்தளையாச்சும் ஒரு வார்த்த சொல்லுது. இதுக்கு அதுவும் இல்ல" என்று கிழிந்த குழலைத் திருப்பி வாங்கிக்கொண்டார் ஆசாரி. அதைப் பிடித்திருந்தவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அன்று சுடுவதற்கு முன் அவர் குழலைக் கொண்டுவந்து காட்டவில்லை என்பதை ஆசாரி மூன்று முறை சொன்னார்.

மாலை ஜமுனாமரத்தூர் நிறுத்தத்தில்தான் சிக்னல் கிடைத்தது. டெக்சாஸில் அப்போது விடியல். மிச்சமிருக்கும் தோட்டாக்களைச் சுடாதீர்கள், பிரித்துவிடுங்கள் என்று மச்சானிடம் சொன்னேன். எத்தனை இருக்கின்றன என்று எண்ணிச் சொல்ல எழுந்து போனார். பேருந்து கிளம்பியபோதும் காதில் கைபேசியோடுதான் இருந்தேன்.