அப்பாவின் கைக்கு எட்டும் உயரம்

உயரமான ஹேண்டில்பார் என்றாலே நம்ம காலேஜ் பார்க்கிங்கில் ஒரே அர்த்தம்தான்: கெத்து. கை தோளுக்கு மேலே போகணும், கூலிங் கிளாஸ் இருக்கணும், சைலன்சர் சத்தம் மெக்கானிக்கல் பிளாக் வரைக்கும் கேட்கணும். 1969-ல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தில் பீட்டர் ஃபோண்டா ஓட்டிய வண்டியைப் பார்த்தால் அந்த ஆசை புரியும். அமெரிக்காவில் அந்த வகைக்கு 'ஏப் ஹேங்கர்' என்றே பெயர். குரங்கு கிளையில் தொங்குற மாதிரி கை நிற்பதால். எங்க வீட்டில் இந்தப் பேச்சு வந்ததற்குக் காரணம் கெத்து இல்லை, அப்பாவின் இடது தோள்.

அப்பாவிடம் இருப்பது 2018 தண்டர்பேர்டு 350எக்ஸ். சாதாரண தண்டர்பேர்டில் ஹேண்டில்பார் ஓட்டுபவரை நோக்கி வளைந்து வரும். எக்ஸ் மாடலில் அதைத் தட்டையாக்கிவிட்டார்கள். கையை நீட்டித்தான் பிடிக்கணும். அப்பாவுக்கு 54 வயது, சர்க்கரை உண்டு. போன வருஷம் ஃப்ரோஸன் ஷோல்டர் வந்தது. சர்க்கரை இருப்பவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகமாம். ஆறு மாசம் பிசியோதெரபி செய்து முக்கால்வாசி சரியாகிவிட்டது. ஆனால் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் வலி வந்துவிடும்.

அம்மா நேராகவே சொல்லிட்டாங்க: "வண்டியைக் குடுத்துட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்குங்க." அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது.

நண்பர்கள் சொன்னது 16 இன்ச் பார். இரண்டு காரணத்துக்காக அது வேண்டாம் என்று முடிவு பண்ணினேன். முதல் காரணம், தோள் இறுகிப்போனவருக்கு முடியாத விஷயமே கையை மேலே தூக்குவதுதான். இரண்டாவது, நம்ம செகண்ட் இயர் மெக்கானிக்ஸ். பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் போய்க் கைப்பிடியைத் தள்ளும். அந்த விசை 200 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடி கிளாம்பிலிருந்து 13 செ.மீ. உயரத்தில் இருந்தால் கிளாம்புக்கு வரும் மொமென்ட் 26 நியூட்டன் மீட்டர். 40 செ.மீ. என்றால் 80. கிளாம்ப் அதே கிளாம்ப், போல்ட்டும் அதே போல்ட்!

அப்போ எவ்வளவு உயரம்? கடைக்குப் போய்க் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க எனக்கு இஷ்டமில்லை. ஒயரிங் வேலைக்குப் போடும் பிவிசி பைப்பும் நாலு எல்போவும் வாங்கி, டேப் சுற்றி ஒரு பொய் ஹேண்டில்பார் செய்தேன். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, "அப்பா, கண்ணை மூடிட்டு உட்காருங்க. கை எங்க வசதியா இருக்கோ அங்க வைங்க" என்றேன்.

"என்னடா, கண் டெஸ்ட்டா?" என்றார். ஆனாலும் உட்கார்ந்தார். முழங்கை லேசா மடங்கி, கை தோளுக்குக் கீழேயே நின்றது. தங்கச்சி டேப் பிடித்து அளந்தாள். இப்போ இருப்பதைவிட 7 செ.மீ. மேலே, 8 செ.மீ. பின்னால். அதாவது அவருக்கு உயரத்தைவிடப் பின்னால் வருவதுதான் முக்கியம். உயரத்தை மட்டும் கேட்டு வாங்கியிருந்தால் பாதி வலி அப்படியேதான் இருந்திருக்கும்.

இந்த அளவுக்குப் பக்கத்தில் வந்தது எது தெரியுமா? சாதாரண தண்டர்பேர்டின் ஹேண்டில்பாரேதான். சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் கிடைத்தது. பளபளன்னு வேற டிசைன்களும் இருந்தன. நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமும் இருக்கு. அதே குடும்பத்து வண்டியின் பார்ட் என்பது அப்பாவுக்கு ஒரு நிம்மதி.

மாட்டுவதில் பெரிய வேலை கேபிள்தான். பார் உயர்ந்தால் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ், ஒயரிங் எல்லாத்துக்கும் நீளம் பத்தணும். நேரா நிற்கும்போது பத்திடும். முழுசா திருப்பும்போதுதான் இழுக்கும். மெக்கானிக் அண்ணா இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிக் காட்டினார். "தம்பி, திருப்பும்போது ரேஸ் ஏறுச்சுன்னா கேபிள் இழுக்குதுன்னு அர்த்தம். யூ-டர்ன்ல வண்டி தானாப் பாயும்." எங்களுக்கு ரேஸ் ஏறவில்லை, ஆனால் பிரேக் ஹோஸ் விறைப்பா நின்றது. நீளமான ஹோஸ் போட்டு, பிரேக் ஆயிலை மாற்றி, உள்ளே இருந்த காற்றை எடுத்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

நஷ்டமும் உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று நெஞ்சில் அறையும். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் ஜி.எஸ்.டி. ரோட்டில் 60-க்கும் 90-க்கும் வித்தியாசம் இரண்டே கால் மடங்கு. அப்பா 60-ஐத் தாண்டாத ஆள், பிரச்சினை இல்லை. தங்கச்சிக்குத்தான் வருத்தம். "வண்டி தாத்தா வண்டி மாதிரி ஆயிடுச்சு" என்கிறாள்.

முதல் வாரம் முடிந்ததும் அப்பா, "மணிக்கட்டு கொஞ்சம் இழுக்குது, இன்னும் அரை இன்ச் கிட்ட வரணும்" என்றார். கிளாம்பைத் தளர்த்தி ஒரு துளி பின்னால் சுழற்றி, கிளட்ச் லீவரின் கோணத்தையும் சரி பண்ணினோம். இப்போ தினமும் போய்வருகிறார். தாம்பரம் வரைக்கும் வலி இல்லையாம். திரும்பி வரும்போது சிங்கப்பெருமாள் கோவில் தாண்டினால் லேசா இருக்காம். அம்மா இன்னும் போனில் ஸ்கூட்டர் விலை பார்த்துட்டுதான் இருக்காங்க.