பால் வெட்டும் கையில் கரம் ஆட்டம்

எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் மழை என்றால் பால்வெட்டு இல்லை. நனைந்த பட்டையில் வெட்டினால் பால் தன் கோட்டில் ஓடாமல் மரமெங்கும் பரவி வீணாகும். சிரட்டையில் விழுந்ததிலும் தண்ணீர் கலந்துவிடும். மரத்துக்குப் பொலித்தீன் கட்டிய மலைகளில் சில நாட்களைக் காப்பாற்றலாம். அடைமழைக்கு அதுவும் தாங்காது. களனிப் பள்ளத்தாக்கு இலங்கையில் மழை மிகுந்த இடங்களில் ஒன்று. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கத்தி நாட்கணக்கில் சும்மா கிடக்கும். அப்போது கான்வெட்டு, புல்லுவெட்டு என்று வேறு வேலை கொடுத்தால் பேர் விழும். கொடுக்காவிட்டால் அந்த நாள் செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் இல்லை.

அந்த நாட்களில்தான் லயத்து வாசலுக்குக் கரம் பலகை வருகிறது. கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களில் இந்த ஆட்டம் இவ்வளவு நன்றாக ஆடப்படுவதற்கு மழையே காரணம் என்று நினைக்கிறேன். சம்பளம் போன நாட்களில் உட்கார்ந்து கற்ற வித்தை இது.

தீபாவளிப் போட்டிக்குப் பிள்ளைகள் தயாராகிக்கொண்டிருந்த வாரங்களில் அங்கே போயிருந்தேன். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் நாற்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டி ஓய்ந்த ஒரு பெரியவர். லயத்தில் எல்லோருக்கும் அவர் பெரியப்பா. அவர் ஸ்ட்ரைக்கரைத் தட்டும்போது சத்தமே வருவதில்லை. காய் குழிக்குள் விழுவது மட்டும் கேட்கும். கை எப்படி இவ்வளவு அடங்கியது என்று கேட்டேன். "வெடியக்காலையில மலைக்கு வாங்க சேர், மருமகன் வெட்டுறதப் பாருங்க" என்றார்.

மரத்தில் பால் அழுத்தம் கூடியிருப்பது விடியற்காலையில். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால் வெளிச்சம் வருவதற்கு முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். மருமகன் முதலில் பழைய வெட்டில் உலர்ந்து ஒட்டியிருந்த பால் நாடாவை உரித்துக் கூடையில் போட்டார். பிறகு கத்தியை இடது மேல்முனையில் வைத்து வலப்பக்கம் சரிவாக இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றி நகர்ந்தார். வளைந்து விழுந்த சீவலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான கனம். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே கனம். பால் குழாய்கள் நெருக்கமாக இருப்பது பட்டையின் உட்பகுதியில். மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். உயிர்த்தோலைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. ஆகவே உள்ளே ஒரு மில்லிமீற்றர் அளவு பட்டையை விட்டுவிட்டு வெட்டவேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த அளவை விரல் அறிந்திருக்கிறது. ஒரு காலைக்கு ஏறத்தாழ முந்நூறு மரம், ஒவ்வொன்றிலும் இதே அளவு.

மத்தியானம் வானம் இருட்டி மழை கொட்டியது. பலகையைச் சுற்றி ஆட்கள் சேர்ந்தார்கள். காலையில் கத்தியைப் பிடித்த அதே கை ஸ்ட்ரைக்கரின் பின்னால் வந்து உட்கார்ந்தபோது பெரியவர் சொல்ல வந்தது புரிந்தது. மருமகன் மற்ற மூன்று விரல்களைப் பலகையில் ஊன்றி, ஆள்காட்டி விரலின் நகத்தை ஸ்ட்ரைக்கரில் தொட்டும் தொடாமலும் வைத்தார். விரலைப் பின்னால் இழுத்து ஓங்கவில்லை. தொட்ட இடத்திலிருந்தே விரல் விடுபட்டது. புதிதாக ஆடுகிறவர்கள் விரலை ஓங்கி அடிப்பார்கள். ஓங்கினால் ஸ்ட்ரைக்கரின் நடுவில் படாமல் ஓரத்தில் படும், குறி மாறும். தோளும் முழங்கையும் அசையாமல் விரல் மட்டும் வேலை செய்வதுதான் முதல் பாடம்.

இரண்டாவது பாடம் விசை. இதற்குப் பெரியவர் கொடுக்கும் பயிற்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காயைக் குழிக்குள் போடக்கூடாது, குழி வாசலில் நிறுத்தவேண்டும். உள்ளே விழுந்தால் திரும்ப முதலிலிருந்து. பிள்ளைகளுக்கு இது பெரிய எரிச்சல். போடுவது சுலபம், நிறுத்துவது கடினம். ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம், காய் 5 கிராம் சொச்சம். மூன்று மடங்கு கனமான ஒன்றால் தட்டி, காயை விரும்பிய இடத்தில் நிற்கவைக்க வேண்டும். ஒரு பையன் பொறுமையிழந்து வேகமாக அடித்தான். "பட்டையில இறங்கிட்டியே தம்பி" என்றார் பெரியவர். உயிர்த்தோலில் கத்தி பட்டுவிட்டது என்று அர்த்தம். சுற்றியிருந்த எல்லோருக்கும் அது விளங்கியது.

இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மேசை ஆட்டம் என்றால் ஒரு காலத்தில் அது துரைமார் கிளப்பின் பில்லியர்ட்ஸ்தான். தொழிலாளி அங்கே போனால் மேசையைத் துடைக்கவோ புள்ளி சொல்லவோதான். அந்த மேசையின் ஓரத்தில் பந்தை எகிறவைப்பது இறப்பர். 1840களில் இங்கிலாந்தின் ஜோன் தேர்ஸ்டன் வல்கனைஸ் செய்த இறப்பரை அதற்குப் பயன்படுத்தத் தொடங்கினார். 1876 இல் பிரேசில் விதையில் முளைத்த கன்றுகள் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து, பிறகு இந்த மலைகளெல்லாம் இறப்பர் ஆயின. பால் வெட்டியவனுக்கு மேசை எட்டவில்லை. ஆனால் கியூ பிடித்து உலகை வென்ற இலங்கையர் ஒருவர் உண்டு. எம்.ஜே.எம். லாஃபிர் 1973 இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் பெற்றார். எந்த விளையாட்டிலும் இலங்கைக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. கரத்தில் நிஷாந்த பெர்னாண்டோ 2012 இல் கொழும்பில் உலக சம்பியன் ஆனார். இந்த இரண்டு பெயரும் நம் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

பூல், ஸ்னூக்கர் ஆடியவர்கள் கரத்தைக் கொஞ்சம் இலேசாக நினைப்பதுண்டு. அங்கே வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் அடுத்த அடி; ஒரு பந்தைப் போடும்போதே அடுத்ததற்கு இடம் பார்க்கவேண்டும். கரத்தில் ஸ்ட்ரைக்கர் கைக்குத் திரும்பி வந்துவிடுகிறது, கோட்டில் விரும்பிய இடத்தில் வைக்கலாம், பிறகு என்ன யோசனை என்பார்கள். யோசனை காய்களில் இருக்கிறது. பெரியவர் முதலில் பார்ப்பது சுலபமான காயை அல்ல, ஒட்டிக் கிடக்கிற காயை. குழி வாசலில் நிற்கும் தன் காயை அவர் அவசரப்பட்டுப் போடுவதில்லை. அது எங்கேயும் போகாது. அதோடு எதிராளியின் காய்க்கு அந்தக் குழியை அது அடைத்துக்கொண்டும் நிற்கும். கையில் ஆட்டம் இருக்கும்போதே சிக்கலை உடைக்கவேண்டும், சுலபமானதைக் கடைசிக்கு வைக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. இளைஞர்கள் நேர்மாறாக ஆடுகிறார்கள். வரிசையாக நான்கு, ஐந்து காயைப் போட்டுக் கைதட்டு வாங்கிவிட்டு, மிச்சம் ஓரத்தில் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்துத் திணறுகிறார்கள். அதற்குள் எதிராளிக்குப் பலகை வெளித்துவிடுகிறது.

அன்று மாலை நடந்த ஓர் ஆட்டத்தைச் சொல்லவேண்டும். மருமகன் 22, எதிரே பக்கத்து டிவிஷன் பையன் 14. ஆட்டம் 25க்கு. 22 ஐத் தொட்டவருக்குச் சிவப்புக் காய்க்குப் புள்ளி கிடையாது. 21 வரைதான் அதன் மூன்று புள்ளி சேரும். மருமகன் அதனால் சிவப்பைச் சட்டை செய்யாமல் தன் வெள்ளையையே போட்டுக்கொண்டு போனார். பையன் அதைக் கவனித்தான். தருணம் கிடைத்ததும் சிவப்பைப் போட்டு, அதைத் தனதாக்கிக்கொள்ள அடுத்த அடியிலேயே தன் கறுப்பு ஒன்றைப் போட்டுக் கவர் செய்தான். அதற்குப் பிறகு மருமகனின் கை இறுகியது. ஒரு முறை ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போய் டியூ விழுந்தது, போட்ட காய் ஒன்று திரும்பப் பலகைக்கு வந்தது. பையன் பலகையை முடித்தபோது வெள்ளை ஐந்து மிச்சம். காய்க்கு ஒன்றாக ஐந்தும் சிவப்புக்கு மூன்றும் எட்டு, 22க்கு 22.

பெரியவர் அன்றைக்குத்தான் குரலை உயர்த்தினார். "ஒனக்குப் புள்ளி இல்லன்னா அது சும்மா கெடக்கிற காயா? நீ எடுத்துக் கவர் பண்ணியிருந்தா அவனுக்கு அஞ்சுதானே!" முன்னால் நிற்கிறவர் சிவப்பை எடுப்பது புள்ளிக்காக அல்ல, துரத்தி வருகிறவருக்குக் கிடைக்காமல் செய்வதற்காக. இதைத் தெரிந்துகொள்ளச் சட்டப் புத்தகம் படிக்கவேண்டும். வாசலில் ஆடி மட்டும் வராது.

ஆனால் எனக்கு அதிகம் பிடித்தது பிறகு நடந்தது. தோல்வி வாசலில் நின்ற மருமகன், அடுத்த பலகைக்கு முன் எழுந்து போய்க் கைகழுவி, துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் மூன்று அடியில் ஒரு காயும் போடவில்லை. எதிராளியின் காய்களை மட்டும் ஒதுக்கி ஒதுக்கி ஓரத்துக்குத் தள்ளினார். வேடிக்கை பார்த்தவர்களுக்குச் சலிப்பாக இருந்திருக்கும். பையன் பொறுமை இழந்து இடுக்கில் ஓங்கி அடித்தான், மருமகனின் காய்கள் சிதறித் திறந்தன, அவ்வளவுதான். போட்டியின் மனநிலை என்று எல்லோரும் ஆவேசத்தைச் சொல்கிறார்கள். நான் பார்த்தது, கெட்டுப்போன பலகையை மறந்துவிட்டு இந்தப் பலகையை ஆடும் திறன்.

இவ்வளவு ஆட்டம் தெரிந்தவர்கள் கொழும்புக்குப் போனால் ஏன் முதல் சுற்றோடு திரும்பி வருகிறார்கள்? ஒன்று, ஈரம். இங்கே காற்றின் ஈரத்தில் பலகை இழுக்கும். போரிக் பவுடரைத் தகர டப்பியில் அடைத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள், இல்லாவிட்டால் கட்டிபிடித்துவிடும். பலகைக்கு மேல் குண்டு பல்பைத் தாழத் தொங்கவிடுவது வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, சூட்டுக்கும்தான். இந்த இழுவைக்குப் பழகிய விரல், போட்டி மண்டபத்தின் வழுக்கும் பலகையில் ஒவ்வொரு அடியையும் கூடுதலாக அடிக்கிறது. கை பழகுவதற்குள் ஆட்டம் போய்விடும். இரண்டு, நாற்காலி. லயத்தில் பலகையை வாளி மீதோ சாக்கு மீதோ வைத்துத் தரையில் உட்கார்ந்து, எட்டாத காய்க்கு எம்பி ஆடுகிறார்கள். போட்டியில் ஆட்டக்காரர் இருக்கையை விட்டு எழக்கூடாது. அங்கே போய்த் தவறு விழுந்த பிறகுதான் இது தெரியவருகிறது.

கைத்திறன் குறைவால் யாரும் தோற்கவில்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு நல்ல பலகை, சட்டம் தெரிந்த ஓர் ஆள் இல்லாததால் தோற்கிறார்கள். கிரிக்கெட் மட்டையும் கரப்பந்து வலையும் தோட்டங்களுக்கு வருகின்றன. கரம் மேசை வருவதில்லை. சபரகமுவையில் இறப்பர் வெட்டும் ஒவ்வொரு தோட்டத்திலும் மழைக்கால மத்தியானங்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

பெண் பிள்ளைகளின் நிலைமை இன்னும் பின்னால். பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் ஆட்டத்தைப் பார்த்தேன். பெரியவரின் பயிற்சியில், குழி வாசலில் காயை நிறுத்துவதில் அவளுக்கு நிகர் அங்கே யாருமில்லை. சென்னையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024 இல் அமெரிக்காவில் நடந்த கரம் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதை அவள் தொலைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். ஆனால் இரவு வாசல் ஆட்டத்தில் ஆம்பளைகள் சூழ்ந்து நிற்கும்போது அவளால் உட்கார முடியாது, வீட்டிலும் விடமாட்டார்கள். பெரியவரும், புள்ளமடுவம் என்னும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின் பொறுப்பாளர் அக்காவும் பேசி ஒரு வழி கண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, பலகை புள்ளமடுவத்துக்குப் போகும். அங்கே மேசை இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது. இப்போது ஆறு பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள். தீபாவளிப் போட்டியில் இந்த முறை பெண்கள் ஒற்றையரும் உண்டு என்று தோட்டத்துத் தலைவர்மாரிடம் சொல்லிப் பெயர் பதிந்தாயிற்று.