முறை வருமுன்

பெயரைக் கொண்டு பொருளை அறிய முயல்வோர் சில வேளைகளில் ஏமாறுவதுண்டு. நம் நாட்டில் மென்பந்து என்றதும் சிறுவர் ஆடும் கிரிக்கெட்டே நினைவுக்கு வரும். அமெரிக்கச் சிறுமியர் விரும்பி ஆடும் சொப்ட்போல் என்னும் ஆட்டமோ வேறு. 1887ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில், சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகவும் ஒரு கோலை மட்டையாகவும் கொண்டு தொடங்கிய ஆட்டம் அது. இன்று வழங்கும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பெயரிலுள்ள மென்மை பந்தில் இல்லை என்பதை, அதனைக் கையில் வாங்கிய அன்றே உணர்ந்தோம்.

2023ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள எம் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தோம். பதினொரு வயதுப் பேர்த்தி, ஒரு சனிக்கிழமை, தன் ஆட்டத்தைக் காண எம்மை அழைத்துச் சென்றாள். அவளுடைய குழுவினர் கம்பிவலை அடைத்த கொட்டகையினுள் அமர்ந்திருந்தனர். அடுத்த முறை அவளுடையது. அவளோ வெறுங்கையுடன் நின்றாள்.

“ஏன் பிள்ளை சும்மா நிற்கிறாய்? வெளியே வந்து நாலு தரம் மட்டையை வீசிக் கையைப் பழக்கு” என்று வலைக்கு வெளியே நின்று சொன்னோம். அவள் தயங்கினாள். எனினும் எம் சொல்லைத் தட்டமாட்டாமல் மட்டையை எடுத்துக்கொண்டு வாயிலைத் தாண்டினாள். மத்தியஸ்தர் உடனே ஆட்டத்தை நிறுத்தி அவளை உள்ளே அனுப்பினார். பலர் பார்த்திருக்க அவள் தலைகுனிந்து சென்றது எமக்குச் சினத்தை மூட்டியது.

வீடு திரும்பும் வழியில் அவளே எம்மைத் தேற்றினாள். “அம்மப்பா, அவர் செய்தது சரி. எங்கள் முறை வரும்வரை நாங்கள் மட்டையைத் தொடவே கூடாது. கொட்டகைக்குள்ளும் கூடாது” என்றாள்.

அது லிட்டில் லீக் என்னும் அமைப்பின் விதியாகும். 1939ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தில் பேஸ்போலுக்கெனத் தோன்றிய அவ்வமைப்பு, 1974ஆம் ஆண்டு முதல் சிறுமியருக்கு சொப்ட்போலையும் நடத்தி வருகின்றது. 12 வயது வரையுள்ளோர் பிரிவுகளில், ஒவ்வோர் அணியும் ஆடத் தொடங்கும்போது முதலாவதாக அடிப்பவள் மட்டுமே முன்கூட்டி வெளியே வரலாம். மூத்த பிள்ளைகளுக்கு 5 அடி விட்டமுள்ள வட்டம் ஒன்று உண்டு. தலைக்கவசம் அணிந்து அதனுள் நிற்றல் வேண்டும். வலக்கையால் அடிப்பவள் மட்டையைப் பிந்தி வீசினால், பந்து அவள் முகம் நோக்கும் பக்கத்துக்குப் பாயும். ஆதலின் அவளது முதுகுப்புறத்து வட்டமே காப்பானது. அது எதிரணியின் பக்கமாயினும் அங்கே நிற்கச் சில விதிநூல்கள் இடந்தருகின்றன.

இவற்றைக் கேட்டபோது எம் சினம் அடங்கிற்று. பழைய நினைவொன்று எழுந்தது. யாழ்ப்பாணத்தில் எம் வீட்டு வளவில் கிட்டிப்புள் ஆடிய நாட்களில், எமது முறை வருமுன் கோலை வீசிப் பழகுவது எமக்கு வழக்கம். ஒருநாள் சித்தப்பாவின் மகன் எமக்குப் பின்னே வந்து நின்றதைக் கவனித்திலோம். அவனும் புள்ளைப் பார்த்திருந்தானேயன்றி எம் கோலைப் பார்த்திலன். அன்று மங்கிய அவனது இடக்கண் பின்னர் தெளியவேயில்லை. அவன் எம்மை ஒருநாளும் நொந்ததில்லை. நாமும் அதனைப் பேசியதில்லை. அந்தக் கோலைப் பிடித்த கையின் சொந்தக்காரரே, இத்தனை ஆண்டுகளின் பின், பேர்த்தியின் கையில் மட்டையை எடுக்கச் சொன்னோம்!

தலைக்கவசம் உண்டே எனச் சிலர் கூறலாம். 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கன்சாஸ் மாநிலத்தில் நடந்த பேஸ்போல் ஆட்டமொன்றில், மட்டைகளை எடுத்துவரும் ஒன்பது வயதுச் சிறுவன், அடுத்து ஆட இருந்தவர் வீசிப் பழகிய மட்டையில் அடிபட்டான். தலைக்கவசம் அணிந்திருந்தும் மறுநாள் உயிர் நீத்தான்.

அடிப்பவளின் கண் பந்தில் இருக்கும். காத்திருப்பவளின் மனமோ தன் முறையில் இருக்கும். தன்னைக் காக்க மறந்து நிற்கும் அந்தப் பிள்ளைக்காகவே விதி விழித்திருக்கின்றது. பெற்றோரும் பாட்டன்மாரும் ஆர்வமிகுதியால் அவ்விதியை உறங்க வைத்தலாகாது.

அடுத்த சனிக்கிழமையும் சென்றோம். பேர்த்தி வெறுங்கையுடன் வலைக்குள் நின்று, பந்து வீசுபவளின் கையையே கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்தாள். நாம் வாய் திறந்திலோம்.